எட்டும் தூரத்து மலைகள்

மாணவி, இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (தாவரவியல்)

ஆண்டுதோறும் தை பிறந்ததும் நம் கல்லூரி வளாகத்தில் ஒரு பேச்சு தொடங்கிவிடும். "இந்த வருஷம் டூர் எங்கே?" என்பதே அப்பேச்சு. கொடைக்கானல் என்பார் ஒருவர். ஊட்டி என்பார் மற்றொருவர். மூணாறு போனால்தான் ஆயிற்று என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் எழும். வகுப்புக்கு வகுப்பு வாக்கெடுப்பு நடக்கும். இத்தனை ஆரவாரத்துக்கும் நடுவே, பணம் கட்ட வேண்டிய நாளுக்கு முந்தின தினம், "அன்னைக்கு எங்க வீட்டுல ஒரு விசேஷம், நான் வரலை" என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ளும் தோழியர் சிலர் எல்லா வகுப்பிலும் உண்டு. அவர்கள் வீட்டில் அன்று எந்த விசேஷமும் இல்லை என்பது அவர்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். பேராசிரியப் பெருமக்களுக்கும் தெரியாமலிருக்காது.

இதற்கு ஒரு மாற்று நம் கண்ணெதிரே கிடக்கிறது. கல்லூரி மொட்டை மாடியில் ஏறி நாற்புறமும் பாருங்கள். வடகிழக்கே, முழங்கால் மடக்கிப் படுத்த யானையைப் போல் யானைமலை. வடக்கே நீலம் பூத்த அழகர் மலை. மேற்கே நீண்டு கிடக்கும் நாகமலை. அதற்குத் தெற்கே சமணர் மலை. தென்மேற்கே திருப்பரங்குன்றம். மதுரையைச் சமவெளி என்று பூகோளப் பாடத்தில் படித்தோம். அந்தச் சமவெளியைச் சுற்றி இத்தனை மலைகள் உட்கார்ந்திருப்பதைப் பாடம் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. ஆண்டுக்கு ஒரு நாள் நம் மாணவியர் அனைவரும் இந்தச் சிறு மலைகளில் மூன்றையாவது தம் காலால் நடந்து ஏறிப் பார்க்க வேண்டும், அதைக் கல்லூரியே முன்னின்று நடத்த வேண்டும் என்பது என் கருத்து. செலவு என்று பார்த்தால் ஒரு பொட்டலம் புளிச்சோறுதான். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

கொடைக்கானலைக் குறை சொல்வது என் நோக்கமன்று. ஆயினும் அங்கே போகும் பழக்கம் எவ்வாறு வந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். மதுரையில் மதப்பணி செய்த அமெரிக்கப் பாதிரிமார்கள், இவ்வூரின் வெயிலும் காய்ச்சலும் தாளாமல் 1845-இல் பழனி மலைமேல் வீடு கட்டிக் குடியேறினார்கள். 1863-இல், மதுரைக் கலெக்டராக இருந்த வியர் லெவிஞ்ச் என்னும் ஆங்கிலேயர் அங்கே ஓடையை மறித்து ஏரி உண்டாக்கினார். நாம் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கிப் படகு விடுவது அந்த ஏரியில்தான். மதுரை வெயிலைத் தாங்க மாட்டாதவர்கள் தங்களுக்காகக் கண்டுபிடித்த வழி அது. வெயிலிலேயே பிறந்து வளர்ந்த நாமும் அதே வழியைப் பிடித்துக்கொண்டு போகிறோம். மதுரையிலிருந்து ஏறக்குறைய 120 கிலோமீட்டர். போக நான்கு மணி, வர நான்கு மணி. ஒரு நாளில் எட்டு மணி நேரம் பஸ்ஸுக்குள் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு உட்கார்ந்திருப்பதை மலைப் பயணம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அங்கே கூட்டம் தாங்காமல் உயர்நீதிமன்றம் தலையிட்டு, 2024 மே மாதம் முதல் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை கொண்டுவரும் அளவுக்கு நிலைமை போயிற்று.

நம் மலைகளோ ஆளைத் தேடிக்கொண்டிருக்கின்றன. மதுரையைச் சூழ்ந்த மலைகளுக்கு எண்பெருங்குன்றம் என்று ஒரு பழம்பெயர் உண்டு. சமணத் துறவியர் தங்கிய எட்டு மலைகளை அது குறிக்கும். திருப்பரங்குன்றம், யானைமலை, அழகர்மலை ஆகியவை அவற்றுள் அடங்கும் என்பர் ஆய்வாளர். அத்துறவியர் ஊர் ஊராக நடந்தே திரிந்தவர்கள். மழைக்காலத்தில் புல்லும் புழுவும் பெருகி, நடந்தால் உயிர்களை மிதிக்க நேரும் என்பதால் அந்த மாதங்களில் மட்டும் ஓரிடத்தில் தங்குவார்கள். அதற்காகக் குகைத்தளத்தில் கற்படுக்கை வெட்டிக் கொடுத்தவர்கள் தங்கள் பெயரைத் தமிழி எழுத்தில் பொறித்து வைத்தார்கள். மாங்குளம் மலையில் உள்ள கல்வெட்டு, பாண்டியன் நெடுஞ்செழியன் பெயரையே சொல்லுகிறது. ராபர்ட் சீவெல் என்ற ஆங்கில அதிகாரி அதை 1882-இல் கண்டறிந்தார். நெடுஞ்செழியன் என்னும் பெயரைச் சரியாகப் படித்துச் சொன்னவர் ஐராவதம் மகாதேவன், அது 1960-களில். எண்பது ஆண்டுக் காலம் எழுத்து கண்ணுக்கு முன்னால் இருந்தும் பெயர் தெரியாமல் இருந்திருக்கிறது.

சென்ற மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஏழு பேர், எங்கள் துறைப் பேராசிரியை ஒருவர் துணையோடு, மூன்று மலைகளை ஒரே நாளில் பார்த்து வந்தோம். இது முடியக்கூடிய காரியம்தான் என்பதற்கு அந்த நாளே எனக்குச் சான்று. ஆகவே அதைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

முதலில் சமணர் மலை. பெரியார் பஸ் நிலையத்திலிருந்து கீழக்குயில்குடிக்குப் பஸ் உண்டு. அடிவாரத்தில் தாமரைக் குளம், அய்யனார் கோயில், விழுது இறங்கிய ஆலமரம். கோயிலுக்குப் பின்னால் பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளம் என்னும் இடம் வரும். அங்கே பாறை முகத்தில் தீர்த்தங்கரர், பாகுபலி முதலிய எட்டு உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள், காலம் கி.பி. 9, 10-ஆம் நூற்றாண்டுகள். அவற்றில் ஒன்று, அந்தத் திருமேனியை அச்சணந்தி என்னும் துறவியின் தாயார் குணமதியார் செய்வித்தார் என்று தெரிவிக்கிறது. இதைக் கேட்டதும் எங்களுக்குள் சற்று நேரம் பேச்சே எழவில்லை. எங்கள் ஏழு பேரின் பாட்டிமார் பெயர்களும் எந்தக் காகிதத்திலும் ஒழுங்காக இல்லை. ரேஷன் கார்டில் ஒரு விதம், பட்டாவில் ஒரு விதம். ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் மகனைத் துறவுக்குக் கொடுத்த ஒரு தாயின் பெயர், எழுத்துப் பிழை இல்லாமல் பாறையில் இருக்கிறது.

நான் தாவரவியல் மாணவி என்பதால் என் கண் வேறொன்றிலும் சென்றது. பாறைமேல் சாம்பலும் ஆரஞ்சுமாகத் திட்டுத் திட்டாகப் படர்ந்திருந்தவை லைக்கன்கள். பாசியும் பூஞ்சையும் கூடி ஓருயிர் போல் வாழ்பவை. முதலாண்டில் கண்ணாடி வில்லையில் வைத்து மைக்ராஸ்கோப் வழியாக ஒரு துணுக்கைப் பார்த்து, படம் வரைந்து மார்க் வாங்கினோம். இங்கே மலை முழுதும் அதுதான் போர்வை. அது சுரக்கும் அமிலம் பாறையைச் சிறிது சிறிதாக அரிக்கிறது; அந்தப் பொடியில் பாசம் பிடிக்கிறது; பிறகு ஒரு பிடி மண், அதில் புல்; பிறகு சிறு செடி; கடைசியில் பறவை எச்சத்தில் வந்து விழுந்த விதை முளைத்து, இடுக்கில் வேர்விட்டு நிற்கும் இச்சி மரம். பாறை வழிமுறை வளர்ச்சி என்று பாடப் புத்தகத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டியிருப்பார்களே, அந்தப் படத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் முந்நூறு அடி நடைக்குள் காலடியில் கண்டோம். ஐந்து மதிப்பெண் வினா அது. கொடைக்கானல் பூங்காவில் வரிசையாக நட்டு வைத்த பூச்செடிகள் இதைக் கற்றுத் தரமாட்டா.

ஒன்பது மணிக்கெல்லாம் கீழே இறங்கி, மறுபடி பஸ் பிடித்து, நகரைத் தாண்டி ஒத்தக்கடையில் இறங்கினோம். அங்கிருந்து நரசிங்கம் வரை பொடி நடை. யானைமலையின் அடியில் நரசிங்கப் பெருமாள் குடைவரை இருக்கிறது. கி.பி. 770-ஐ ஒட்டி, பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி இதை எடுப்பித்தார். வேலை முடியுமுன் அவர் இறந்துவிட, தம்பி மாறன் எயினன் முகமண்டபம் அமைத்து நிறைவு செய்தார் என்று அங்குள்ள கல்வெட்டே கூறுகிறது. மலைச்சரிவில் ஏறினால் மறுபடியும் சமணச் சிற்பங்கள். இவற்றின்மேல் பூசிய சுதையும் வண்ணமும் இன்னும் முழுதாக அழியாமல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அங்குள்ள கல்வெட்டிலும் அச்சணந்தி என்ற பெயர் வருகிறது. காலையில் தாயின் பெயரைப் பார்த்தோம். உச்சி வெயிலுக்குள் மகனின் பெயரைப் பார்த்துவிட்டோம். ஒரு மலையோடு வீடு திரும்பியிருந்தால் இந்த உறவு எங்களுக்குத் தெரிந்திருக்காது. ஒரே நாளில் பல சிறு மலைகளை ஏற வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

யானைமலைக்கு இன்னொரு வரலாறும் உண்டு. அது பழைய வரலாறு அன்று. 2010-இல் இம்மலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டம் ஒன்று அரசிடமிருந்து வந்தது. கேட்பதற்கு இனிமையான பெயர்தான். ஆனால் மலையைக் குடைந்து செதுக்கினால் மலை என்ன ஆகும் என்று ஒத்தக்கடை, நரசிங்கம், கொடிக்குளம் மக்கள் கேட்டார்கள், ஊர் கூடி எதிர்த்தார்கள், திட்டம் கைவிடப்பட்டது. அதை ஒட்டித்தான் எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் பசுமை நடை என்னும் அமைப்பைத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் ஆசிரியரும் வியாபாரியும் குழந்தை குட்டிகளோடு குடும்பத்தாரும் சேர்ந்து மதுரை மலைகளுக்கு நடப்பது. தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் போன்றோர் அங்கேயே நின்று கல்வெட்டைப் படித்துப் பொருள் சொல்வது. இதைத் தவிர அதில் வேறு ஆடம்பரம் இல்லை. நம் ஊரில் நடக்கும் இந்த நல்ல காரியத்தை, மதுரையின் கல்லூரிகள் பாடத் திட்டத்துக்கு வெளியே உள்ள பொழுதுபோக்காக எண்ணி விட்டுவிட்டது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

மூன்றாவதாக அரிட்டாபட்டி. மேலூர்ச் சாலையில் நரசிங்கம்பட்டி வழியாக உள்ளே போக வேண்டும். ஊர் மரத்தடியில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து உண்டு, வெயில் தாழும் வரை இருந்தோம். ஒரு பாட்டி குடம் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து வைத்து, "படிக்கிற பிள்ளைகளா? நல்லாப் பாருங்க, எல்லாத்தையும் எழுதிக்கங்க" என்றார். இவ்வூரில் ஏழு குன்றுகள். குடைவரைச் சிவன் கோயில் ஒன்று, அதன் பக்கத்தில் கையில் தண்டு ஏந்திய லகுலீசர் உருவம், தமிழகத்தில் அபூர்வமானது. கி.மு. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழிக் கல்வெட்டும் உண்டு. ஆயினும் இங்கே முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர் என்பேன். மொட்டைப் பாறை ஒரு சொட்டு மழையையும் குடிப்பதில்லை. பெய்தது அத்தனையும் வழிந்து சுனையில் தேங்குகிறது. மிஞ்சியது ஓடைக்கு, ஓடையிலிருந்து கண்மாய்க்கு. இப்பகுதியில் 72 நீர்நிலைகளும் 200 ஊற்றுகளும் இருப்பதாக அரசுக் குறிப்பே கூறுகிறது. மலையை எடுத்துவிட்டால் ஆனைகொண்டான் கண்மாய்க்கு நீர் எங்கிருந்து வரும் என்று ஆடு மேய்க்கும் சிறுவனும் கேட்பான். பாறை உச்சியில் லகர் வல்லூறு, சாகீன் வல்லூறு, பொனெல்லிக் கழுகு. புதரில் எறும்புதின்னியும் தேவாங்கும். ஏறக்குறைய 250 வகைப் பறவைகள். நாங்கள் போன மாலையில் வல்லூறு ஒன்று மலை முகட்டைச் சுற்றி வந்தது. அது எந்த வல்லூறு என்பதில் எங்கள் ஏழு பேருக்குள் ஏழு அபிப்பிராயம்.

அந்தப் பாட்டி "எழுதிக்கங்க" என்று சொன்னது சும்மா சொன்னதல்ல. 2022 நவம்பரில் தமிழக அரசு, அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய இரு கிராமங்களில் 193 ஹெக்டேர் நிலத்தைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. தமிழ்நாட்டில் அவ்வாறு அறிவிக்கப்பட்ட முதல் இடம் இதுவே. இரண்டாண்டு கழித்து, 2024 நவம்பரில், நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்ற பெயரில் இவ்வூரையும் சுற்றுப்புறக் கிராமங்களையும் உள்ளடக்கி 2,015 ஹெக்டேர் நிலம் மத்திய அரசால் ஏலத்தில் விடப்பட்டு, இந்துஸ்தான் சிங்க் நிறுவனம் தேர்வு பெற்றது. ஊர் ஊராகக் கிராமசபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. பாரம்பரியத் தலம் தொகுதிக்குள் இருப்பதைக் குறிப்பிட்டு, எல்லையை மறுபரிசீலனை செய்யுமாறு அதே மாதம் மத்திய சுரங்க அமைச்சகம் புவியியல் ஆய்வுத் துறையைக் கேட்டுக்கொண்டது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை மக்கள் திரண்டு நடந்து வந்தார்கள். ஜனவரி 23 அன்று ஏலமே ரத்தாயிற்று.

இதில் நாம் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. மக்கள் எழுச்சியே ஏலத்தை நிறுத்தியது, அதில் ஐயமில்லை. ஆனால் டில்லியில் உள்ள அமைச்சகம் முதன்முதலில் எடுத்துப் பேசிய பொருள் அந்த 193 ஹெக்டேர்ப் பதிவு. அந்தப் பதிவு எப்படி வந்தது? யாரோ சிலர் ஆண்டுக்கணக்கில் அந்தக் குன்றுகளில் நடந்து, இன்ன பறவை இன்ன பாறையில் கூடு வைக்கிறது, இன்ன சுனையில் கோடையிலும் நீர் நிற்கிறது என்று எழுதி வைத்திருந்தார்கள். நடந்தவர்கள் எழுதினார்கள், எழுதியது அரசாணையில் ஏறிற்று, ஆபத்து வந்தபோது அந்தக் காகிதமும் ஒரு தூணாக நின்றது. எழுதப்படாத மலை சர்க்கார் கணக்கில் தரிசுப் பாறை. குவாரிக் கணக்கில் இத்தனை கன மீட்டர் கல்.

அப்படிப் போன மலைகளும் நம் மாவட்டத்தில்தான் உள்ளன. கீழவளவு, கீழையூர்ப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் அந்தப் பள்ளங்களைப் பார்த்திருப்பார்கள். கிரானைட் குவாரிகளால் அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று கலெக்டராக இருந்த உ. சகாயம் எழுதிய அறிக்கை 2012-இல் வெளிவந்தது. 2014-இல் உயர்நீதிமன்றம் அவரையே விசாரணைக்கு நியமித்தது. 2015-இல் அவர் அறிக்கை அளித்தார். பணக்கணக்கு அவ்வாறு இருக்கட்டும். 50 கோடி ஆண்டுகளுக்கும் மூத்த பாறையை அறுத்து, மெருகேற்றி, எங்கோ ஒரு வீட்டின் சமையலறை மேடையாக்குவதை எந்தக் கணக்கில் எழுதுவது?

இந்த இடத்தில் ஒரு மறுப்பு எழும். அதை வெளியில் தேட வேண்டாம். என் வீட்டிலேயே இருக்கிறது. என் தாய்மாமன் பல ஆண்டு குவாரியில் துளை போட்டு மருந்து வைக்கும் வேலை பார்த்தவர். நான் மலைக்குப் போய் வந்த கதையைச் சொன்னபோது, "நீ பாத்துட்டு வந்துருவத்தா. நான் அதை ஒடைச்சுத்தான் ரெண்டு பிள்ளைகளை வளத்தேன்" என்றார். இந்த வார்த்தையைத் தாண்டிக்கொண்டு போவது நேர்மை ஆகாது. மலையைக் காப்போம் என்று மேடையில் முழங்குவோர் பலருக்கும் கல் தூசி மூக்கில் ஏறிய அனுபவம் கிடையாது. கூலிக்குக் கல் உடைத்தவரைக் குற்றவாளி ஆக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் மாமாவிடமே நான் கேட்டேன்: குவாரி மூடிய பிறகு என்ன ஆயிற்று? மலையும் இல்லை, வேலையும் இல்லை, ஆடு மேய்க்க இடமும் இல்லை என்று அவரே சொன்னார். அவர் அப்பா அந்த மலையடியில் ஆடு மேய்த்தார். மாமா அதை உடைத்தார். மாமா மகனுக்கு உடைப்பதற்கும் ஒன்றுமில்லை, அவன் திருப்பூர் போய்விட்டான். ஒரு மலை ஒரு தலைமுறைக்குத்தான் கூலி கொடுக்கிறது. கண்மாயாக இருந்தால் எத்தனையோ தலைமுறைக்குச் சோறு போட்டிருக்கும்.

மலையில் நடப்பது வசதி படைத்தவர் பொழுதுபோக்கு என்று எண்ணுவோருக்கு இங்கிலாந்து நாட்டுச் செய்தி ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். மான்செஸ்டர், நம் மதுரையைப் போலப் பஞ்சாலைகளால் வளர்ந்த நகரம். அதன் அருகே கிண்டர் ஸ்கவுட் என்னும் மேட்டுநிலம் உள்ளது. பிரபுக்கள் பறவை வேட்டையாடுவதற்காகப் பொதுமக்கள் அங்கே நடமாடக் கூடாது என்று அடைத்து வைத்திருந்தார்கள். 1932 ஏப்ரல் 24 அன்று, வாரம் முழுதும் ஆலைப் புகையைச் சுவாசித்த இளைஞர்கள் சில நூறு பேர், தடையை மீறி அதன்மேல் நடந்தார்கள். முன்னின்றவர் பென்னி ராத்மன் என்ற தொழிலாளி, வயது 20. ஐந்து பேருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. ஆனால் அந்த நடை வீண்போகவில்லை. 1949-இல் அதற்கென ஒரு சட்டம் வந்தது. 1951-இல் அந்த நிலப்பகுதியே பீக் மாவட்டம் என்னும் பெயரில் அந்நாட்டின் முதல் தேசியப் பூங்காவாயிற்று. நம்மைத் தடுக்க இங்கே பிரபுக்களும் இல்லை, வேலியும் இல்லை. சமணர் மலைக்கு யாரும் டிக்கெட் கேட்பதுகூட இல்லை.

வேலி நம் வீடுகளில் இருக்கிறது என்று தோழியர் சிலர் முணுமுணுப்பது என் காதில் விழுகிறது. உண்மைதான். கோயிலுக்கென்றால் மலையேற அனுமதி உண்டு. விறகு பொறுக்க, ஆடு மேய்க்க என்றால் அனுமதி கேட்கவே வேண்டாம். சும்மா பார்த்துவிட்டு வர என்றால் மட்டும், "அங்கன என்னடி இருக்கு, கல்லுதானே?" என்ற கேள்வி வருகிறது. என் அம்மாவும் அப்படித்தான் கேட்டார். பெண்பிள்ளைகள் தனியே போவதா என்ற அச்சமும் அதற்குள் இருக்கிறது. அதை நான் அலட்சியப்படுத்தவில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததும், அவர்களில் பெண்கள் பலர் இருந்ததும் எல்லா வீட்டிலும் நினைவிருக்கிறது. ஆகவேதான் கல்லூரியே நடத்த வேண்டும் என்கிறேன். பேராசிரியைகள் உடன் வந்தால், முதல்வர் கையெழுத்திட்ட ஒரு கடிதம் வீட்டுக்கு வந்தால், எத்தனையோ கதவுகள் திறக்கும். மேலும் குரங்கணி என்பது உயர்ந்த மலை, அடர்ந்த புல்வெளி, வறண்ட மாசிக் கடைசி. நான் சொல்லும் இடங்களில் மலையுச்சியில் நின்று கூப்பிட்டால் கீழே டீக்கடைக்காரருக்குக் கேட்கும். அழகர் மலை மட்டும் காப்புக்காடு. வனத்துறை அனுமதியின்றி அதற்குள் போகலாகாது. முதலாண்டில் அதை விட்டுவிடலாம்.

கூட்டமாகப் போனால் நாமே கெடுத்துவிட மாட்டோமா என்று ஒரு பேராசிரியை கேட்டார்கள். நியாயமான கேள்வி. சிற்பத்தின் மார்பில் ஆணியால் பெயர் கீறி, பக்கத்தில் இதயப் படம் வரைந்து வைத்திருக்கும் மகானுபாவர்களை நாங்களும் பார்த்தோம். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் பெயர் பொறித்தவன், இன்னொருவர் படுத்து இளைப்பாற இடம் வெட்டிக் கொடுத்துவிட்டுப் பொறித்தான். இவர்கள் என்ன கொடுத்தார்கள்? ஐம்பது பேருக்கு மேல் ஒரே வேளையில் ஒரு மலைக்குப் போக வேண்டாம். மூன்று அணியாகப் பிரிந்து மூன்று மலைக்கும் முறை மாற்றிப் போகலாம்.

இனி நடைமுறை. கல்லூரிப் பேரவையும் தாவரவியல், விலங்கியல், வரலாறு, தமிழ் ஆகிய துறைகளும் சேர்ந்து, தை அல்லது மாசியில் ஒரு சனிக்கிழமையைக் குறிக்க வேண்டும். ஐப்பசியில் பாறை வழுக்கும், சித்திரையில் சுடும். செருப்பு அறுந்தால் தைக்க ஊசி நூல், தலைக்குத் துண்டு, ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர். ஆய்வக ரிக்கார்டு நோட்டு வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். வரலாற்று மாணவியர் கல்வெட்டு நிலையைக் குறிக்கட்டும். விலங்கியல் மாணவியர் பறவையைக் குறிக்கட்டும். நாங்கள் செடி கொடியையும் சுனை நீரின் ஆழத்தையும் குறிக்கிறோம். ஒவ்வோர் ஆண்டும் அந்தக் குறிப்புகளை எங்கள் துறையின் உலர்தாவரத் தொகுப்பு அலமாரியில் தேதியிட்டு வைக்க வேண்டும். பத்தாண்டு கழித்து யாராவது ஏதாவது ஒரு மலையைக் கேட்டு வரும்போது எடுத்துக் கொடுக்கலாம்.

சென்ற மாசியில் நாங்கள் எழுதிய பட்டியல் அங்கே இருக்கிறது. உசில், கிளுவை, வெப்பாலை, ஆவாரை, இச்சி, நுணா என்று தொடங்கி மூன்று பக்கம் போகிறது. நான்கு செடிகளுக்கு எங்களால் பெயர் கண்டுபிடிக்க முடியவில்லை. அவற்றுக்கு எதிரே இடம் விட்டு வைத்திருக்கிறோம்.